அழகுக்கு எந்த ஆங்கிலச் சொல்?

பியூட்டிஃபுல், ப்ரிட்டி, ஹான்ட்சம், அட்ராக்டிவ். ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் நான்குக்கும் ‘அழகான’ என்ற பொருள் கிடைக்கும். ஆனால் ஓர் இளைஞரை ‘ப்ரிட்டி’ என்றால் அவர் முகம் சுளிக்கலாம். நல்ல சம்பளத்தோடு வரும் வேலைவாய்ப்பை ‘அட்ராக்டிவ்’ என்பார்கள்; ‘ப்ரிட்டி’ என்று யாரும் சொல்வதில்லை. அகராதி காட்டாத இந்த வேறுபாட்டைக் காட்டும் கருவிதான் தொடரடைவு.

ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம், முன்பின் சொற்களோடு வரிசையாகத் தொகுத்துத் தருவது தொடரடைவு. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் டொமினிக்கன் துறவிகள் லத்தீன் விவிலியத்துக்குக் கையாலேயே அடைவு தயாரித்தார்கள். ஆங்கில விவிலியத்துக்கு அலெக்சாண்டர் குரூடன் தொகுத்த அடைவு 1737இல் வெளிவந்தது. நம் சங்க இலக்கியத்துக்கும் இத்தகைய அடைவுகள் உண்டு.

கணினி வந்தபின் இந்த வேலை நொடிகளில் முடிகிறது. நாளிதழ், நாவல், உரையாடல் எனப் பலவகை எழுத்தையும் பேச்சையும் திரட்டிய தொகுப்பைத் தரவகம் என்கிறோம். பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் சுமார் 10 கோடிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒரு பங்கு பேச்சு. இப்படிப்பட்ட தரவகத்தை அடிப்படையாக வைத்து, பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி 1987இல் வெளிவந்தது.

கணினித் தொடரடைவில், தேடும் சொல் திரையின் நடுவே ஒரே நெடுவரிசையில் நிற்கும். வலப்பக்கச் சொற்களை அகரவரிசைப்படுத்தினால் அதன் கூட்டாளிகள் யாரென்று தெரியும். ‘ஹான்ட்சம்’ பெரும்பாலும் ஆணோடு வரும். கொழுத்த லாபத்தோடும் தாராளமான வெகுமதியோடும்கூட வரும். பெண்ணைக் குறித்து வந்தால், மென்மையைவிடக் கம்பீரத்தைச் சுட்டும். ‘ப்ரிட்டி’ சிறுமி, உடை, சிற்றூர் ஆகியவற்றோடு சேரும். ‘ப்ரிட்டி குட்’ என்று இன்னொரு பெயரடைக்கு முன்னால் வந்தாலோ, ‘ஓரளவு’, ‘நன்றாகவே’ என்பதுதான் பொருள். அழகுக்கு அங்கே இடமில்லை. ‘அட்ராக்டிவ்’ இருபாலருக்கும் பொருந்தும். விலை, சலுகை, திட்டம் என நம்மை ஈர்க்கும் எதற்கும் வரும். ‘பியூட்டிஃபுல்’ பெண், குழந்தை, இசை, நிலக்காட்சி என்று விரிந்து செல்லும். இருபாலருக்கும் பொதுவாக, மிகையின்றிச் சொல்ல ‘குட்-லுக்கிங்’ இருக்கிறது.

இந்தக் கருவியை இணையத்தில் இலவசமாகவே பயன்படுத்திப் பார்க்கலாம். ஐயம் வரும்போது சொல்லைத் தட்டி, இருபது வரிகளையாவது படியுங்கள். பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது, அது எழுத்தா பேச்சா, யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். ஒருவருடைய தோற்றத்தைப் பற்றி நாம் சொல்லும் சொல் அவர் மனத்தை நேரே தொடும். பாராட்ட நினைத்தது புண்படுத்திவிடாமல் இருக்க, அந்த இருபது வரிகளுக்கு ஒதுக்கும் சில நிமிடங்கள் போதும்.