முன்னாய்வுக் காலம்: ஒப்பந்தத்தில் அதன் எல்லையை வகுப்பது எப்படி?

நெசவாளர் எவரும் பாவு ஓட்டிக் கஞ்சியிட்டு, இழை எண்ணிச் சரிபார்க்காமல் தறியில் அமர்வதில்லை. விவசாயி எவரும் மண்ணின் ஈரம் அறியாமல் விதை தெளிப்பதில்லை. தத்தம் தொழிலில் இவ்வளவு முன்யோசனையுடன் நடந்துகொள்ளும் நாம், சங்கத்தின் பெயரால் ஒரு சாயச்சாலையோ கிடங்கோ கட்ட முனையும்போது மட்டும், முன்னேற்பாட்டை ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். "பூர்வாங்க ஆய்வு முடிந்த பின் வேலை துவங்கப்படும்" என்பதே அவ்வாக்கியம். பார்வைக்குச் சாதுவான இவ்வாக்கியம் சங்கங்களுக்கு எவ்வளவு நஷ்டத்தை உண்டாக்கக்கூடும் என்பதையும், அதனைத் திருத்தி எழுதும் முறையையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சங்கத்தின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு நாம் பரிசோதனைக்குச் சென்றிருந்தோம். 220 அங்கத்தினர்களைக் கொண்ட அச்சங்கம், சொந்தச் சாயச்சாலை அமைக்க 18 லட்ச ரூபாய் மதிப்பில் ஒரு கண்டிராக்டருடன் புரட்டாசியில் ஒப்பந்தம் செய்திருந்தது. வங்கி கொடுத்த முதல் தவணைக் கடனான 6 லட்ச ரூபாயும் முன்பணமாக அவர் கைக்குப் போய்விட்டது. "பூர்வாங்க ஆய்வு முடிந்ததிலிருந்து 6 மாதத்திற்குள் கட்டடத்தை முடித்துக் கொடுக்க வேண்டியது" என்று ஒப்பந்தம் கூறிற்று. நாம் சென்றதோ அடுத்த ஆவணியில். பதினொரு மாதம் கடந்திருந்தும் அஸ்திவாரக் குழிகூடத் தோண்டப்படவில்லை.

கண்டிராக்டரை அழைத்து வினவினோம். அவர் சற்றும் தயங்காது விடையளித்தார்: "ஆய்வு இன்னும் முடியவில்லை; ஆகவே 6 மாதக் கெடு இன்னும் ஆரம்பமாகவே இல்லை." ஒப்பந்தத்தை மறுபடியும் புரட்டினோம். ஆய்வு எந்நாளில் தொடங்கும், எந்நாளில் முடியும், எதை ஆய்வது, முடிந்தது என்று யார் சொல்வது என எதுவும் அதில் இல்லை. அவர் எந்த ஷரத்தை மீறினார் என்று சுட்டிக்காட்ட நம்மால் இயலவில்லை.

அன்று மாலை கூடிய கூட்டத்தில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, "இன்ஸ்பெக்டர் ஐயா, ஆய்வு ஆய்வு என்கிறார்களே, எதைத்தான் ஆய்ந்தார்கள்?" என்று கேட்டார். விசாரித்ததில், ஐப்பசியில் ஒரு நாள் ஒருவர் வந்து, மழையில் நிரம்பி நின்ற கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதே நடந்த ஆய்வு முழுவதும் என்று தெரியவந்தது.

கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 10. 6 லட்சத்திற்கு மாதம் 5,000 ரூபாய். பதினொரு மாதத்திற்கு 55,000 ரூபாய். அங்கத்தினர் தலைக்கு 250 ரூபாய். இதற்கிடையே நூல் வழக்கம்போல் வெளிச் சாயச்சாலைக்கே போய்க்கொண்டிருந்தது. நீண்ட பேச்சுக்குப் பின் முன்பணத்தில் நாலரை லட்சம் திரும்பி வந்தது. ஒன்றரை லட்சம் போனது போனதுதான்.

இதில் நம் பங்கையும் மறைத்தல் முறையன்று. முந்திய பரிசோதனையின்போதே இவ்வொப்பந்தம் நம் கண்ணில் பட்டது. முத்திரைத்தாளும் கையொப்பங்களும் சரியாக உள்ளனவா என்று பார்த்தோமேயன்றி, அவ்வாக்கியத்தின் பொருளை நாம் சிந்திக்கவில்லை, குறிப்பும் எழுதவில்லை. அக்குறையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று எனலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் பார்த்துக்கொள்ளாதா?" என்று சிலர் கேட்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இதற்கு இடமளித்திருப்பது உண்மையே. நிறைவேற்றும் காலம் குறிப்பிடப்படாத ஒப்பந்தத்தை நியாயமான காலத்திற்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் நியாயமான காலம் எது என்பது ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் பொறுத்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்றும் அப்பிரிவே கூறுகிறது. தீர்மானிப்பது யார்? நீதிமன்றம். அதற்குள் எத்தனை தவணை வட்டி ஏறியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் இயலாத உடன்பாடுகள் செல்லாதவை என்கிறது. நூறு டன் எண்ணெய் விற்பதாக ஒருவர் ஒப்புக்கொண்டு, எந்த எண்ணெய் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லையென்றால் அவ்வுடன்பாடு செல்லாது என்பது அங்கே தரப்பட்டுள்ள உதாரணம். "பூர்வாங்க ஆய்வு" என்னும் சொல்லும் எந்த எண்ணெய் என்று சொல்லாத எண்ணெய் போன்றதே. காலந்தான் ஒப்பந்தத்தின் உயிர் என்பது இரு தரப்பாரின் கருத்தாயிருந்து, ஒருவர் காலந்தவறினால், மற்றவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம் என்பது 55ஆம் பிரிவு. ஆனால் அவ்வுரிமையைப் பயன்படுத்த, தவறிய காலம் எது என்று காட்ட வேண்டுமன்றோ?

முன்னாய்வு என்பது யாது?

திட்டத்தை மேற்கொள்ளலாமா, எவ்விடத்தில், எவ்வாறு, எவ்வளவு செலவில் என்னும் கேள்விகளுக்கு, பெருஞ்செலவு செய்யுமுன் விடை காண்பதே முன்னாய்வு. சாயச்சாலையாயின் முதற்கேள்வி தண்ணீரைப் பற்றியது. சுண்ணச்சத்தும் மக்னீசியச் சத்தும் மிகுந்த கடின நீரில் சாயம் சீராகப் பிடிப்பதில்லை. திட்டுத் திட்டாகப் படியும். அடுத்தது கழிவுநீர். நீர் மாசு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1974இல் வந்தது. அதன்படி சாயச்சாலையை நிறுவுமுன்னரே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறுதல் வேண்டும். கிடங்காயின் மண்ணைப் பார்க்க வேண்டும். கரிசல் மண் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஆழமற்ற அஸ்திவாரத்தையும் தரையையும் பிளந்துவிடும். எந்தக் கட்டடமாயினும் மனையின் பட்டா, வில்லங்கச் சான்று, பாதை, மின்சாரம் ஆகியவை பார்க்கப்பட வேண்டும்.

ஆய்வு முடியுமுன் கட்டத் துவங்கினால் நேர்வது யாது என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி ஓப்பரா மாளிகை. அதன் கூரையைக் கட்டும் வழி தீர்மானமாகுமுன்பே 1959இல் வேலை துவங்கப்பட்டது. பின்னர், எழுப்பிய தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கா என்று கண்டு அவற்றை மாற்றிக் கட்ட நேர்ந்தது. 1963இல் முடிய வேண்டியது 1973இல் முடிந்தது. 70 லட்சம் டாலர் என்ற மதிப்பீடு, முடிவில் 10 கோடியே 20 லட்சமாயிற்று. செல்வம் மிக்க அரசாங்கம் அதைத் தாங்கிற்று. நம் சங்கம் தாங்குமா?

ஆய்வின் எல்லை மனையின் வேலியோடு முடிந்துவிடலாகாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கவே, அந்நீர் பயிருக்கு உதவாததாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயிக்கும் நஷ்டம், சாயத்தொழிலாளிக்கும் நஷ்டம். எவ்வளவு நீர் என்பதோடு எத்தகைய நீர், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பவற்றையும் கேட்டாக வேண்டும் என்பது நாம் பெறும் பாடம்.

காலத்தை வகுக்கும் முறை

ஒப்பந்தத்தில் பின்வரும் ஏழு விஷயங்கள் ஐயத்திற்கிடமின்றி எழுதப்பட வேண்டும்.

1. தொடக்கம்: கையொப்பமிட்ட நாளா, மனையையும் பத்திர நகல்களையும் ஒப்படைத்த நாளா? பின்னதே சிறந்தது, மனை கைக்கு வராமல் மண்ணைத் தோண்ட இயலாது. ஒப்படைத்ததற்கு எழுத்துமூலம் ரசீது பெறுக. அந்நாளும் கணக்கில் சேருமா, மறுநாளிலிருந்து எண்ணுவதா என்பதையும் எழுதுக.

2. அளவு: இத்தனை நாள் என்று இலக்கத்திலும் எழுத்திலும் குறிக்க. விடுமுறை நாட்களும் சேர்த்தா, நீக்கியா என்பதைச் சொல்லாவிட்டால் பொங்கல் நாட்களே ஒரு வழக்காகிவிடும்.

3. பொருள்: எவற்றைச் சோதிப்பது, எந்தப் பருவத்தில் என்று பட்டியலிடுக. ஐப்பசிக் கிணறு சித்திரைக் கிணற்றின் நிலையைச் சொல்லாது. நீரளவைக் கோடையில் எடுக்க வேண்டுமானால், கோடை உள்ளடங்குமாறு காலத்தை வகுக்க வேண்டும்.

4. முடிவு: "ஆய்வு முடிந்ததும்" என்று எழுதற்க, "ஆய்வறிக்கை சங்க அலுவலகத்தில் கொடுக்கப்பட்டதும்" என்று எழுதுக. முன்னது ஒருவர் மனத்தில் நிகழ்வது. பின்னதற்கு ரசீது உண்டு. அறிக்கைக்கு நிர்வாகக் குழு எத்தனை நாளில் பதில் தரும் என்பதும், மௌனம் சம்மதமாகாது என்பதும் இடம்பெற வேண்டும்.

5. கட்டணம்: ஆய்வுக்கெனத் தனித்தொகை குறிக்க. கட்டுமானத்திற்கான முன்பணமும் கடன் தவணையும் அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே. இவ்வொன்றைக் கடைப்பிடித்திருந்தால் மேற்சொன்ன சங்கம் வட்டி கொடுத்திராது.

6. விலகும் உரிமை: அறிக்கை பாதகமாயின் சங்கம் ஆய்வுக் கட்டணத்தை மட்டும் செலுத்தி விலகலாம். கட்டணம் பெற்ற அறிக்கை சங்கத்தின் சொத்தாகும். அதை வேறொருவரிடம் காட்டவும் உரிமையுண்டு.

7. நீட்டிப்பும் தாமதமும்: எந்தக் காரணத்திற்கு, எத்தனை முறை, எத்தனை நாள் நீட்டிக்கலாம்? தாமதத்திற்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று நஷ்டஈடு குறிக்கலாம். ஆயினும் 74ஆம் பிரிவின்படி, குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும். ஆகவே மிரட்டுவதற்கென்று பெருந்தொகை எழுதிப் பயனில்லை.

இவற்றைத் திரட்டி எழுதினால் ஷரத்து ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

"சங்கம் மனையையும் இணைப்புப் பட்டியலில் கண்ட பத்திர நகல்களையும் ஒப்படைத்து ரசீது பெற்ற நாளுக்கு மறுநாள் தொடங்கி, விடுமுறை நாட்கள் உட்பட 75 (எழுபத்தைந்து) நாட்கள் முன்னாய்வுக் காலமாகும். இக்காலத்திற்குள் பட்டியலிலுள்ள சோதனைகளை முடித்து, கையொப்பமிட்ட அறிக்கையைச் சங்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அறிக்கை கிடைத்த 21 நாட்களுக்குள் சங்கம் எழுத்துமூலம் ஏற்கவோ, திருத்தம் கோரவோ, ஒப்பந்தத்தினின்று விலகவோ செய்யலாம். பதில் இல்லாமை ஏற்பாகாது. ஏற்பு அறிவிக்கப்பட்ட நாளுக்கு மறுநாள் முதல் கட்டுமானக் காலமான 6 மாதம் எண்ணப்படும்."

இது ஒரு மாதிரியே. நாட்களின் எண்ணிக்கையை அந்தந்த வேலைக்கேற்ப மாற்றிக்கொண்டு, கையொப்பத்திற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவது நலம்.

ஓர் ஐயம்

"ஆய்வென்று பணத்தையும் நாளையும் வீணாக்குவதா?" என்று மகாசபையில் சிலர் கேட்பதுண்டு. அவசரப்பட்டுக் காலத்தைப் பத்து நாளாகச் சுருக்கினால், ஆய முடியாததை எல்லாம் கண்டிராக்டர் அச்சமாகக் கணக்கிட்டு விலையில் ஏற்றிவிடுவார். அல்லது வேலையின் நடுவே "இது எதிர்பாராதது" என்று கூடுதல் தொகை கேட்பார். அளவுக்கு மீறி நீட்டினாலோ, தொடக்கத்தில் வாங்கிய விலைப்புள்ளி பழையதாகிவிடும். ஆகவே, கேட்கும் கேள்விகளுக்கு விடை காணப் போதுமான காலம் எதுவோ அதுவே சரியான காலம். கேள்விகளை முதலில் எழுதி, நாட்களைப் பின்னர் எழுதுக.

நாம் முன்னர்ச் சொன்ன சங்கம் அவ்வாறே செய்தது. அடுத்த தையில் வேறொருவருடன் புதிய ஒப்பந்தம் எழுதி, மாசி நடுவிலிருந்து சித்திரை முடிய ஆய்வுக் காலம் வகுத்து, 36,000 ரூபாய் கட்டணம் கொடுத்தது. சங்கக் கிணற்று நீர் கோடையில் மிகக் குறைவதோடு கடினமாயும் இருந்தது; மனையோ கரிசல் நிலம். அறிக்கையின்படி மதிப்பீடு 18 லட்சத்திலிருந்து 21 லட்சமாக உயர்ந்தது. மகாசபை இதனை இரண்டு மணி நேரம் விவாதித்தது. முடிவில், விவசாய அங்கத்தினர் ஒருவருடைய மென்னீர்க் கிணற்றிலிருந்து குழாய் வழியே நீர் பெறுவதென்றும், அஸ்திவாரத்தை ஆழப்படுத்துவதென்றும் தீர்மானித்த பின்னரே கடன் பெறப்பட்டது.

செலவு கூடியதில் எவருக்கும் மகிழ்ச்சியில்லை. ஆனால் இம்முறை அங்கத்தினர் அனைவரும் தொகையை அறிந்து, காரணத்தை அறிந்து, கையுயர்த்தி ஒப்புக்கொண்டனர். முன்பு கேள்வி கேட்ட முதியவர் அறிக்கையை வாங்கித் தம் பேரனை விட்டு முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டதாகக் காரியதரிசி நமக்குத் தெரிவித்தார்.

அங்கத்தினர்களே, அடுத்த மகாசபையில் உங்கள் சங்கம் ஏதேனும் திட்டத்தை முன்வைத்தால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: ஆய்வு என்று தொடங்குகிறது? எதைக் கையில் கொடுத்தால் அது முடிந்ததாகும்? அது முடியுமுன் நம் பணம் எவ்வளவு வெளியே போகிறது? இம்மூன்றுக்கும் ஒப்பந்தத்திலேயே விடை இருக்குமாயின் கையொப்பமிடலாம். இல்லையேல் எழுதிய பின்னர்க் கையொப்பமிடலாம்.