கோலியனூருக்கும் கடலுக்கும் 30 கிலோமீட்டர்

கோலியனூர் கூட்ரோட்டில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை போய்வரும் இடம். நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குக் கரும்பும் நெல்லும். கடல் ஏறி இங்கே வந்துவிடாது. ஆனால் இங்கே விழும் மழை கடலுக்குத்தான் போயாக வேண்டும். போகிற வழியில் நாம் பெண் கொடுத்த ஊர்களும் எடுத்த ஊர்களும் இருக்கின்றன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் 49 செ.மீ. டிசம்பர் 2 அதிகாலை தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போயிற்று.

அந்த வெள்ளத்துக்குக் கடல் காரணமல்ல. ஆனால் வெள்ளம் வடிய வேண்டுமானால் முகத்துவாரத்தில் கடல் தாழ்ந்திருக்க வேண்டும். புயல் கடலைக் கரைக்குத் தள்ளும்; ஓதமும் சேர்ந்தால் ஆற்றுநீர் வெளியேற முடியாமல் தாழ்ந்த வயல்களில் பரவும். இவை ஓரிரு நாளில் இறங்கிவிடும். உயர்ந்துவிட்ட கடல் மட்டம் அப்படி இறங்காது. இனி வரும் ஒவ்வொரு புயலும் அந்த மணைமேல் ஏறி நின்றுதான் அடிக்கும்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்ததாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்கிறது. கிரீன்லாந்தில் 7 மீட்டருக்கு மேல் கடலை உயர்த்தக்கூடிய பனி இருக்கிறது. அந்தப் பனிப்பாளம் தன் கனத்தின் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளரும். அதன் கரையோரம் கடல் இறங்கும். தொலைதூர வெப்பக் கடல்களிலோ சராசரியைவிட அதிகமாக ஏறும். நம் கரையிலுள்ள மரக்காணம் இருப்பது அந்தத் தொலைவில்தான்.

மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி, ஒரு பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எடையன்திட்டு முகத்துவாரம்தான் அதற்கு வாசல். மழைநீர் வெளியேறுவதும் உப்புநீர் உள்ளே வருவதும் அதன் வழியே. கடல் உயர்ந்தால் முன்னது மெதுவாகும், பின்னது ஆழமாக ஏறும். சுற்றிலும் உள்ள கிணறுகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

கழுவெளியின் வாசல் விழுப்புரம் மாவட்டத்தில். தென்பெண்ணை கடலில் சேருவது கடலூர் மாவட்டத்தில். சங்கராபரணியின் முகத்துவாரம் புதுச்சேரி அரசின் கையில். இந்த மூன்று இடங்களிலும் இனிக் கட்டும் பாலத்துக்கும் மதகுக்கும் 2100ஆம் ஆண்டின் கடல் மட்டத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். அதற்கு மூன்று நிர்வாகத்தாரும் அடுத்த ஐப்பசிக்குள் ஒன்றாக உட்கார வேண்டும்.