ஆணி அடிக்காம பாத்ரூமை ஒழுங்குபடுத்தலாமா?

இன்னைக்கு வாடகை வீட்டு பாத்ரூம் பத்திப் பேசலாம். நாலடிக்கு ஆறடி இடம், அதுல கீசர், பக்கெட், மூணு பேரோட ஷாம்பு. ஹவுஸ் ஓனர் வேற டைல்ஸ்ல ஓட்டை போடக் கூடாதுன்னு சொல்லியிருப்பார்.

வெளிநாட்டு வீடியோக்கள்ல மர ஷெல்ஃப், பிரம்புக் கூடைன்னு அழகா காட்டுவாங்க. அங்கே பல வீடுகள்ல குளிக்கிற இடம் தனி. மத்த தரை காய்ஞ்சே இருக்கும். நம்ம பாத்ரூம்ல நாலு மக் தண்ணி ஊத்தினா சுவரெல்லாம் நனையும். அதனால நான் முதல்ல பார்க்கிறது இடத்தை இல்ல, ஈரத்தை.

தரையில பக்கெட், மக் மட்டும் போதும். ஷாம்பு, சோப்புக்கு அடியில ஓட்டை இருக்கிற பிளாஸ்டிக் கூடை வாங்கி, ஒட்டுற கொக்கியில மாட்டுங்க. டைல்ஸ்ல இருக்கிற சோப்புக் கறையைத் துடைச்சு, நல்லா காயவிட்டு ஒட்டணும். ஒட்டின பிறகு ஒரு நாள் எடை ஏத்தாம விடுங்க. வேக்யூம் கொக்கின்னா, ரெண்டு டைல்ஸ் சேர்ற கோட்டு மேல வைக்காதீங்க. அந்த இடுக்கு வழியா காத்து புகுந்து கழண்டுடும்.

டவலுக்குக் கதவோட மேல் விளிம்புல மாட்டுற ஹேங்கர் இருக்கு. ஆணியே வேண்டாம்.

அடுத்து, வெளியே போக வேண்டியவை. மாத்திரைகள் வெப்பத்துலயும் ஈரத்துலயும் வீரியம் இழக்கும், பிளேடு துருப்பிடிக்கும். ரெண்டும் அறை அலமாரிக்குப் போகட்டும்.

கடைசியா, ரொம்ப முக்கியமானது: கிளீனர் பாட்டில்கள். டாய்லெட் கழுவுற திரவங்கள் பலதுல ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அது பிளீச்சிங் பவுடரோட கலந்தா குளோரின் வாயு வரும். ஜன்னல் மூடின சின்ன பாத்ரூம்ல அது நுரையீரலையே பாதிக்கும். ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு ஊத்தினாலும் இதேதான். அதனால ரெண்டையும் ஒரே கூடையில வைக்காதீங்க. பிளீச்சிங் பவுடர் வேற இடத்துல, ஈரம் படாம, மூடி இருக்கட்டும். ஆசிட்டைத் தண்ணி பாட்டில்லயோ ஜூஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்கவே கூடாது. குழந்தைங்க இருக்கிற வீட்டுல இதெல்லாம் பூட்டுக்குள்ள.

இந்த வாரம் கூடை வாங்குறதுக்கு முன்னாடி, உங்க கிளீனர் பாட்டில்களோட லேபிளை ஒருமுறை படிச்சுடுங்க. செலவே இல்லாத வேலை அது.