மின்சார ஸ்கூட்டர் மானியம்: இரண்டில் சின்னது எது?

"யூனிட்டுக்கு 10,000 ரூபாயா இருந்த மானியத்தை 2021ல 15,000 ஆக்கினாங்க, 2023ல மறுபடி 10,000 ஆக்கிட்டாங்க." மின்சார ஸ்கூட்டர் பற்றிப் பேச்சு வந்தால் இப்படித்தான் சொல்வார்கள். அப்படியென்றால் மானியம் பழைய இடத்துக்கே வந்திருக்க வேண்டுமே? வரவில்லை.

மத்திய அரசின் ஃபேம்-2 திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கியது. பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் (நம்ம கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான்) இத்தனை ரூபாய் என்பது கணக்கு. கூடவே, வண்டி விலையில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு உச்சவரம்பு. இரண்டில் எது சின்னதோ அதுதான் கிடைக்கும். எங்கள் பாஷையில் 'மின்' ஃபங்ஷன். மின் வண்டிக்குப் பொருத்தம்தான்!

உதாரணத்துக்கு 3 யூனிட் பேட்டரி, 1,20,000 ரூபாய் விலை என்று ஒரு ஸ்கூட்டரை வைத்துக்கொள்வோம். 2019ல் பேட்டரிக் கணக்குப்படி 30,000. ஆனால் உச்சவரம்பு 20 சதவீதம், அதாவது 24,000. எனவே 24,000தான். 2021 ஜூனில் உச்சவரம்பை 40 சதவீதமாக்கினார்கள், 48,000. இப்போது பேட்டரிக் கணக்கு சின்னது: 45,000. 2023 ஜூனில் உச்சவரம்பு 15 சதவீதம். கிடைப்பது 18,000. ஆக 24, 45, 18. பேப்பரில் தலைப்பாக வந்த யூனிட் விலை இதில் பாதிக் கதைதான். அந்த வருஷம் மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய மின்சார டூவீலர் விற்பனை, ஜூனில் அதில் பாதிக்கும் கீழே போனது.

எனக்கு உறுத்துவது வேறு. உச்சவரம்பு சின்னதாகிவிட்டால் மானியம் பேட்டரியை விட்டுவிட்டு விலையின் பின்னால் போகிறது. அதே 3 யூனிட் பேட்டரியோடு ஒருவர் லட்ச ரூபாய்க்கு வண்டி செய்தால் 15,000. இன்னொருவர் 1,40,000க்கு விற்றால் 21,000. சிக்கனமாகச் செய்தவருக்குக் குறைவு!

ஆலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் மானியமே கிடையாது என்று இன்னொரு விதியும் இருந்தது. 40 சதவீதக் காலத்தில், 4 யூனிட் பேட்டரி வண்டியை 1,49,000க்குக் காட்டினால் 59,600 ரூபாய், 1,51,000க்குக் காட்டினால் பூஜ்யம். சில நிறுவனங்கள் சார்ஜரைத் தனி பில்லில் விற்றது இதனால்தான். அரசு கிடுக்கிப்பிடி போட்டதும், 2023ல் சார்ஜர் காசைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் யூனிட்டுக்கு 5,000. ஆனால் வண்டிக்கு 10,000க்கு மேல் கிடையாது. நம்ம உதாரண ஸ்கூட்டருக்கும் அந்தப் பத்தாயிரம்தான், பேட்டரி 2 யூனிட்டோ 4 யூனிட்டோ. 2025 ஏப்ரலில் அதுவும் பாதியானது.