பிணைக்குக் கையெழுத்து வைத்தவர்களுக்கு



போன மாதம் கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு பெரியவர் எங்களைத் தேடி வந்தார். மகளை அம்பாறைப் பக்கம் நாவிதன்வெளியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கோழிக்கூடு போட அந்தப் பிள்ளை கல்முனையில் ஒரு வங்கியில் கடன் கேட்கப் போயிருக்கிறது. "உங்கட பேர் கிறிப்பில இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "எடுத்த கடனை ஒரு சதம் விடாமல் கட்டினவள் ஐயா. இது என்ன பழி?" என்று கண்கலங்கினார்.

விசாரித்துப் பார்த்தோம். குழுக்கடன். ஐந்து பெண்கள், ஒருவருக்கு ஒருவர் பிணை. ஒருத்தி கட்டாமல் வெளிநாடு போய்விட, மற்ற நாலு பேரும் சேர்ந்து அவளுடைய நிலுவையையும் அறவிட வந்தவரிடம் கட்டியிருக்கிறார்கள். பற்றுச்சீட்டு இல்லை; கொப்பியில் அவர் போட்ட கையெழுத்து மட்டும்தான்.

கிறிப் என்பது கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுத்த கடன், நிலுவை, எத்தனை நாள் பிந்தியது என்ற விபரங்களை அதற்கு அனுப்புகின்றன. ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் அங்கே இருக்கும். ஆகவே பெயர் இருப்பது குற்றமில்லை. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான். ஆனால் பிணை நின்றவர் விபரமும் அதில் வரும். இதைத்தான் எங்கள் ஆட்கள் யோசிப்பதில்லை. நாங்களும் ஒரு நண்பருக்காகக் கையெழுத்து வைத்து, பதினொரு மாதம் சம்பளத்தில் பிடிபட்டவர்கள்தான்.

முதலில் அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய், கட்டணம் கட்டி உங்கள் சொந்த அறிக்கையை எடுங்கள். அடையாள அட்டை இலக்கம் சரியா, கடன் உங்களுடையதா, மீதி எவ்வளவு என்று படித்த பிள்ளை ஒன்றை வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் கடன் கொடுத்த கம்பனிக்கு எழுத்தில் கொடுங்கள், பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு. பணியகத்துக்கும் முறையிடலாம், அவர்கள் கம்பனியிடம் கேட்பார்கள். திருத்தம் கம்பனி வழியாகத்தான் வர வேண்டும். "காசு தாங்க, பேரை எடுத்துத் தாறேன்" என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள்.

கடன் உண்மையானால் கட்டத்தான் வேண்டும். அலுவலகத்தில் கட்டி, முடிந்தது என்று கடிதம் வாங்குங்கள். பிந்திக் கட்டிய பழைய கணக்கு அன்றைக்கே அழியாது; ஆனால் தீர்ந்த கடன் என்று காட்டும். அதுவே பெரிய காரியம்.

பொழுதுபட்ட பிறகு லயத்து வாசலில் நின்று சத்தம் போடுகிறவரிடம் பயத்தில் காசு கொடுக்காதீர்கள். கம்பனி அட்டையைக் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள கம்பனி என்றால் 1935க்கு அழைத்து முறையிடலாம். ஊர் வட்டிக்காரருக்கு அது செல்லாது.

நாவிதன்வெளிப் பிள்ளையின் கொப்பியைப் பிரதி எடுத்து, நாலு பேரும் கையெழுத்திட்ட கடிதத்தோடு கம்பனிக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இப்படிப்பட்ட கடதாசி உங்களிடமும் இருந்தால், சம்பள நாளைக்கு அடுத்த நாள் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள்.