ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே



கூட்டாட்சி என்றதும் ஆளுநர், ஜிஎஸ்டி, நீட் என்று டெல்லிக்கும் சென்னைக்குமான வழக்குகளே நம் நினைவுக்கு வருகின்றன. அது நம் சேரிக்குள் எப்படி நுழைகிறது என்பதை இந்த நினைவு நாளில் பேசுவோம்.

நம் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திராவின் தடா. உறவுகள் இரு பக்கமும் உண்டு. தடாவில் பிறந்த மாலா சாதிப் பெண் ஒருவர் கும்மிடிப்பூண்டிக்கு மருமகளாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு மாநிலப் பட்டியலிலும் மாலா உண்டு. ஆனாலும் தமிழ்நாடு அரசு வேலையில் பட்டியல் சாதி ஒதுக்கீடு அவருக்குக் கிடையாது. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பட்டியல் வகுக்கிறது. சாதியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உரிமை கூடவே வராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும் 2018இல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1950 ஆகஸ்டில் அந்தப் பட்டியல் வெளியானபோது இரண்டு ஊரும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன. ஆந்திரா பிரிந்தது 1953 அக்டோபர் 1இல். எல்லைக் கோடு பிறகு வந்தது. தீண்டாமை அதற்கு முன்பே இரு பக்கமும் இருந்தது.

சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் உழைக்கும் ஒடிசா, பீகார் தலித்துகளின் நிலையும் இதுதான். 2020 முதல் அவர்களின் குடும்ப அட்டைக்கு இங்கே அரிசி கிடைக்கிறது. சாதிச் சான்றிதழோ எல்லையிலேயே நின்றுவிடுகிறது. இங்கேயே பிறந்து படிக்கும் பிள்ளைக்கும் மாநில ஒதுக்கீடு இல்லை.

அப்படியானால் மாநில அதிகாரம் நமக்கு எதிரியா? இல்லை. 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2009இல் தந்தது தமிழ்நாட்டுச் சட்டமன்றம். மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அதேசமயம், மொழிவாரி மாநிலத்தில் பெரும்பான்மைச் சாதியின் கையே ஓங்கும் என்று 1955இல் அம்பேத்கர் எச்சரித்ததையும் நாம் மறக்கக் கூடாது.

வெளியிலிருந்து வருவோரால் உள்ளூர் தலித்துகளின் பங்கு குறையும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே நம் கோரிக்கை இரண்டு. மணமாகி வந்தவர்களுக்கும் இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் உரிமை தொடரவேண்டும். அதற்கான இடங்கள் கூடுதலாக ஒதுக்கப்படவேண்டும். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. மாநில உரிமை பேசும் நம் உறுப்பினர்கள் அங்கே இதையும் பேசட்டும்.