தொண்டாமுத்தூர் தோட்டத்தில் ஒரு திமிங்கில வேட்டை!

மேற்கே மலை, சுற்றிலும் பாக்கு, தென்னை, வாழை, சின்ன வெங்காயம். தொண்டாமுத்தூர்க்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி கேரளக் கரைக்குத்தான் போக வேண்டும். ஆனால், கையில் செல்போனும் காதில் இயர்போனும் இருந்தால், வரப்பில் உட்கார்ந்தபடியே அட்லாண்டிக்கில் கப்பலேறலாம். அதுவும் இலவசமாக!

அந்தக் கப்பலின் பெயர் பெக்வாட். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதி, 1851-ல் வெளியான 'மோபி டிக்' நாவலில் வரும் திமிங்கில வேட்டைக் கப்பல். தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துடிக்கும் கேப்டன் ஏஹாப்தான் கதையின் மையம். மெல்விலும் 1841-ல் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலைக்குப் போனவர்தான். 1820-ல் எஸ்ஸெக்ஸ் என்ற கப்பலைத் திமிங்கிலம் ஒன்று முட்டி மூழ்கடித்த நிஜச் சம்பவமும் நாவலுக்கு வித்திட்டது.

வாங்கி வைத்துவிட்டுப் பாதியில் மூடுகிறவர்கள் அதிகம் உள்ள நாவல் இது. மொத்தம் 135 அத்தியாயங்கள். நடுவே திமிங்கிலத்தின் தலை, வால், எண்ணெய் காய்ச்சும் முறை என்று கதை நின்று நின்று நகரும். அங்கேதான் குரல் கைகொடுக்கிறது. கண் சோர்ந்துபோகும் பக்கங்களைக் காது எளிதாகக் கடந்துவிடும்.

2012-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம், இந்த நாவலை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் ஒலிக்கவிட்டது. முதல் அத்தியாயத்தை வாசித்தவர் நடிகை டில்டா ஸ்விண்டன். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூனும் ஓர் அத்தியாயம் வாசித்தார். தன்னார்வலர்கள் நடத்தும் லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒரே குரலில் கேட்கும் பதிப்பும் இருக்கிறது. சுமார் 24 மணி நேரம் ஓடும். காந்திபுரத்துக்கு பஸ்ஸில் தினமும் போய் வருகிறவர், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கேட்டாலும் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம்.

நீண்ட கதையைக் காதால் கேட்பது கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. பொன்னர் - சங்கர் வரலாற்றைச் சொல்லும் அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். ஊரே உட்கார்ந்து கேட்கும். மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1965-ல் காங்கேயம் பக்கம் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தக் கதையிலும் பயிரை அழிக்கும் ஒரு ராட்சத விலங்கு உண்டு. கொம்பன் என்ற காட்டுப்பன்றி!

தொண்டாமுத்தூர் வட்டாரத்துக்கு இந்த நாவல் நெருக்கமாவதும் இங்கேதான். ராத்திரியில் இறங்கிய யானை வாழையைச் சாய்த்துவிட்டுப் போனால், விடிந்ததும் விவசாயிக்கு வயிறு எரியும். அந்த நஷ்டம் நிஜம், கோபமும் நியாயம். ஏஹாப்பின் வலியும் நிஜம்தான். ஆனால், வாயில்லா ஜீவன்மேல் வஞ்சம் வைக்கலாமா என்று துணை அதிகாரி ஸ்டார்பக் அவரை நேருக்கு நேர் கேட்கிறார். பிரபல காபி நிறுவனத்தின் பெயர்கூட இவரிடமிருந்து வந்ததுதான்!

105-வது அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். வேட்டையால் திமிங்கில இனம் அழிந்துவிடுமா என்று அதில் மெல்வில் யோசிக்கிறார். இத்தனை வேட்டைக்குப் பிறகும் ஆசியாவில் யானைகள் இருக்கின்றனவே, அதைவிடப் பெரிய கடலில் திமிங்கிலம் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. பிளிமத் பதிப்பில் இதை வாசித்தவர் இயற்கை ஆர்வலர் டேவிட் அட்டன்பரோ. கணக்கு தப்பிவிட்டது. 20-ம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வணிக வேட்டைக்கான சர்வதேசத் தடை 1986-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

பழைய ஆங்கிலம் ஆரம்பத்தில் கொஞ்சம் மிரட்டும். முதல் நாள் ஓர் அத்தியாயம் மட்டும் கேளுங்கள். இரண்டு, மூன்று நாளில் காது பழகிவிடும். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து கேட்டு, புரியாத இடங்களைப் பேசிக்கொள்ளலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பல குரல்களில் ஒலிநூலாக்கினார் பாம்பே கண்ணன். அதுபோல யாராவது ஏஹாப்பையும் தமிழில் பேசவைத்தால், ஆங்கிலம் தெரியாத பாட்டி தாத்தாவும் கப்பலேறிவிடுவார்கள்!